மலேரியா என்னும் முறைக்காய்ச்சல்

மலேசியாவில் பீடோர் பக்கத்துத் தோட்டங்களில் பெரியவர்கள் மலேரியாவை மலைக்காய்ச்சல் என்பார்கள். மலையடிவாரத்து ஊர், பெயரும் காதுக்குப் பொருந்துகிறது. ஆனால் மலேரியாவுக்கு மலையோடும் உறவில்லை, மலாயாவோடும் உறவில்லை. அது இத்தாலியச் சொல். ‘மாலா’ என்றால் கெட்ட, ‘ஆரியா’ என்றால் காற்று. ரோம் நகரைச் சுற்றியிருந்த சதுப்பு நிலங்களில் காய்ச்சல் கண்டபோது, அழுகல் நாற்றம்தான் நோயைத் தருகிறது என்று நம்பி வைத்த பெயர்.

அந்த நம்பிக்கை பொய்த்துப் போனது, பெயர் நின்றுவிட்டது. 1880இல் அல்ஜீரியாவில் லாவெரான் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் நோயாளியின் ரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் அதை அனோபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் கண்டார். கடிப்பது பெண் கொசு மட்டுமே. அதன் எச்சிலோடு நம் உடலுக்குள் வரும் ஒட்டுண்ணி முதலில் ஈரலில் பெருகுகிறது, பிறகு ரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுகிறது.

அம்மை போலத் தொட்டும் பக்கத்தில் இருந்தும் பரவும் நோய்க்குத் தமிழில் ஒட்டுவாரொட்டி என்ற அருமையான சொல் உண்டு. மலேரியா அந்த வகையில் சேராது. நோயாளியின் பக்கத்தில் படுத்தாலும் ஒட்டாது. இடையில் கொசு வேண்டும். அதனால் கொசுவை நோய்க்கடத்தி என்கிறோம்.

இதற்குத் தமிழில் முறைக்காய்ச்சல் என்றே சொல்லலாம் என்பது என் கருத்து. ‘முறை வைத்து வருவது’ என்கிறோமே, அந்த முறைதான். சிவப்பணுக்கள் ஒருசேர வெடித்து ஒட்டுண்ணிகள் வெளிவரும் நேரத்தில் உடம்பு தூக்கிப் போடுகிறது: முதலில் நடுக்கும் குளிர், பிறகு கொதிக்கும் சூடு, கடைசியில் பாயை நனைக்கும் வியர்வை. ஒட்டுண்ணியில் பல வகை உண்டு. வைவாக்ஸ் வகையில் இது 48 மணி நேரத்துக்கு ஒருமுறை, அதாவது ஒருநாள் விட்டு ஒருநாள். மலேரியே வகையில் 72 மணி நேரம்; வந்த நாளையும் சேர்த்து எண்ணி நாலாமுறைக் காய்ச்சல் என்றார்கள் நம் முன்னோர். காரணம் தெரியாத காலத்திலும் கண்ணால் கண்டதை மட்டும் சொன்ன பெயர் இது. இத்தாலியப் பெயரைவிட நேர்மையானது.

பால்மரக் காலத்தில், அதாவது ரப்பர்த் தோட்டக் காலத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலேயே கொய்னா என்ற மலேரியா மருந்தைக் கொடுப்பார்கள். வாயில் கசப்பு அடங்குமுன் கத்தியைத் தூக்கிக்கொண்டு மரவரிசையான நிரைக்குப் போக வேண்டும். காடு அழித்துத் தோட்டம் போட்டவர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்ததற்கு இந்தக் காய்ச்சல் பெருங்காரணம். கடலோரக் கிள்ளானில் 1901 முதல் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து, காட்டை வெட்டி, நோயைக் கட்டுப்படுத்தினார். அதே வைத்தியம் மலைத் தோட்டங்களில் எதிராகத் திரும்பியது. கடலோரத்துக் கொசு நிழல் விழுந்த சதுப்பில் முட்டையிடும். மலைப்பக்கத்து மேக்குலேட்டஸ் கொசுவுக்கு வெயில் படும் தெளிந்த ஓடைதான் பிடிக்கும். காட்டை வெட்ட வெட்ட இங்கே அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்ததுபோல் ஆயிற்று. பிறகுதான் ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் வழியே விட்டார்கள், அல்லூர் என்னும் வடிகாலில் எண்ணெய் ஊற்றினார்கள்.

அல்லூர்த் தண்ணீரைக் குனிந்து பார்த்தால் எந்தக் கொசுவின் புழு என்று சொல்லிவிடலாம். நீர்ப்பரப்போடு ஒட்டிக் கிடையாகப் படுத்திருந்தால் அனோபிலிஸ். தலைகீழாகத் தொங்கினால் வேறு இனம். டெங்கியைக் கடத்தும் ஏடிஸ் அப்படித்தான் தொங்கும், அதுவும் பெரும்பாலும் வீட்டு வாளியிலும் பூத்தட்டிலும்.

2018 முதல் மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசுவழி பரவும் உள்ளூர் மலேரியா பதிவாகவில்லை. ஆனால் குரங்கிடமிருந்து வரும் நோலசி வகை இருக்கிறது, சபா, சரவாக்கில் மிகுதியாக. இதன் முறை 24 மணி நேரம். காய்ச்சல் தினமும் வருவதால் டெங்கியோ சாதாரணக் காய்ச்சலோ என்று நினைக்கத் தோன்றும்; ஒட்டுண்ணியோ நாளுக்கு நாள் பெருகி உயிருக்கே உலை வைக்கும். பெத்தாய்க் காய் பறிக்கவோ டுரியான் காவலுக்கோ காட்டோரம் போய்வந்து காய்ச்சல் கண்டால், கிளினிக்கில் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். ரத்தத்தை மலேரியாவுக்கும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.