கொடிக்குள் வைக்கும் பூ: கவனிக்க வேண்டியவை

சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் பூ ஆர்டர் தருபவர்கள் மேடையைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார்கள். கொடிக்குள் வைக்கும் பூ என்றால், "கொஞ்சம் உதிரிப்பூ கொடுத்துடுங்க" என்பதோடு சரி. விழா சொதப்புவது பெரும்பாலும் அந்தக் கொஞ்சத்தில்தான்.

தேசியக் கொடியில் எதையும் வைத்துச் சுமக்கக் கூடாது என்கிறது 2002ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்பு. இதுபோன்ற நாட்களில், விரிப்பதற்கு முன் உள்ளே இதழ் வைக்க மட்டும் விலக்கு உண்டு. இதழ்தான், முழுப் பூ அல்ல. முழுச் செண்டுமல்லி மடிப்பில் சிக்கும். தப்பித்து விழுந்தால் ஏற்றுபவர் தலையில் விழும்.

மூன்றடிக்கு இரண்டடிக் கொடிக்கு இரண்டு கைப்பிடி இதழ் போதும். அதிகம் திணித்தால் பொதி கனத்து முடிச்சு இறுகும். ரோஜா இதழும் வெள்ளைச் சாமந்தி இதழும் நல்ல தேர்வு. ஈரமான செண்டுமல்லி இதழ், கதரின் வெள்ளைப் பட்டையில் மஞ்சள் கறையை இறக்கிவிடும். சந்தையில் தண்ணீர் தெளித்தே விற்பார்கள் என்பதால், உதிர்த்த இதழைச் செய்தித்தாளில் பரப்பி அரைமணி நேரம் மின்விசிறிக் காற்றில் விடுங்கள். ஒரு பிடி அள்ளி அழுத்தினால் உள்ளங்கையில் ஈரம் படக் கூடாது. மடிப்பதை நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன் வைத்துக்கொள்ளுங்கள். இரவே கட்டி வைத்தால் இதழ் வியர்த்து, கறுத்து, துணியோடு ஒட்டிக்கொள்ளும். காலையில் சிறப்பு விருந்தினர் கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பார், கொடி விரியாது. ஒரே இழுப்பில் அவிழும் சுருக்குப் போட்டு, பூவோடு ஒருமுறை ஒத்திகை பாருங்கள். கம்பத்தின் மீதோ உச்சியிலோ மாலை சுற்றக் கூடாது. அலங்காரம் பீடத்தோடு நிற்கட்டும்.

வாசலில் மூவர்ணப் பூக்கோலம் கேட்பவர்கள் நிறைய. மூன்று நிறப் பூக்களில் மயிலோ தாமரையோ போடுவதில் சிக்கல் இல்லை. மூன்று பட்டையும் நடுவில் சக்கரமும் வைத்தால் அது கொடியின் உருவம். 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், எந்தப் பொருளால் செய்த உருவத்தையும் கொடியாகவே பார்க்கிறது. மிதிபடும் தரையில் அது வேண்டாம்.

மேடை மேசையில் பூ ஓர் அடிக்கு மேல் உயர வேண்டாம். உட்கார்ந்திருப்பவர் முகம் மறையும். பூத்தண்டு செருகும் பச்சை ஃபோமைத் தண்ணீரில் அமுக்காதீர்கள், மிதக்க விட்டால் தானாக மூழ்கும். அமுக்கினால் நடுவில் காற்று தங்கி, அங்கே செருகிய ஜெர்பரா பத்து மணிக்கெல்லாம் தலை தொங்கிவிடும். லில்லி வைத்தால் மொட்டு விரிந்ததும் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிடுங்கள். வெள்ளைச் சட்டையில் அந்தப் பொடி பட்டால் தண்ணீர் தொடவே கூடாது, கையால் தட்டவும் கூடாது. செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுக்க வேண்டும். ஒரு சுருள் எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும்.