அட்சதை விழும்போது கணினி ஏன் திணறுகிறது?

ஈரோட்டுப் பக்கம் கல்யாண வீடியோ என்றால் முகூர்த்தக்கால், இணைச்சீர், தாலிகட்டு, பந்தி என்று மணிக்கணக்கில் ஓடும். அதை மடிக்கணினியில் சுருக்கப் போட்டால் ராத்திரி முழுக்க உள்ளே ஃபேன் இரையும். அவ்வளவு நேரம் அது என்னதான் செய்கிறது?

தேடுகிறது. வீடியோவைச் சுருக்கும் எச்.264 முறையில் ஒவ்வொரு ஃபிரேமும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப்படமும், 16-க்கு 16 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரியும். ஃபுல் எச்டியில் ஃபிரேமுக்கு 8,160 கட்டங்கள். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 2,04,000. ஒவ்வொரு கட்டமும் முந்தைய ஃபிரேமில் எங்கே இருந்தது என்று தேடி, எவ்வளவு நகர்ந்தது என்பதையும் மிச்ச வித்தியாசத்தையும் மட்டும் குறித்துக்கொள்ளும். இணைச்சீர் நடக்கையில் பின்னாலுள்ள பூ அலங்காரம் அசையாது. அங்கே வேலை அநேகமாக இல்லை. அட்சதை விழும் சில நொடிகளில்தான் சிக்கல். ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு பக்கம் பறக்க, எங்கே தேடினாலும் சரியாகப் பொருந்துவது கிடைக்காது.

வீடியோவைச் சுருக்கும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் உள்ள வேகத் தேர்வு, இந்தத் தேடலுக்கு எவ்வளவு மெனக்கெடலாம் என்பதைத்தான் சொல்கிறது. 'ஸ்லோ'வில் பல ஃபிரேம்களைத் துழாவும். 'வெரிஃபாஸ்ட்'டில் ஓரளவு பொருந்தினாலே நிறுத்திக்கொள்ளும். அப்படியானால் படம் கெடாதா? படம் எவ்வளவு தரமாக வேண்டும் என்று சொல்லும் தர எண்ணை, 20 என்று வைத்துக்கொள்வோம், மாற்றாமல் விட்டால் பெரிதாகக் கெடாது. பொருந்தாத வித்தியாசத்தைக் கூடுதல் பிட் செலவழித்து எழுதிவிடும்; ஃபைல்தான் பெருக்கும். ஃபைல் இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று கட்டிப்போட்டுவிட்டு வேகத்தையும் கூட்டினால்தான் முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். 'அல்ட்ராஃபாஸ்ட்' மட்டும் வேண்டாம்: கட்டங்களின் ஓரத்தை மழுங்கடிக்கும் வேலையையே அது விட்டுவிடுகிறது.

இன்டெல் 2011-இல் கொண்டுவந்த குயிக் சிங்க், என்விடியா கார்டுகளில் உள்ள என்வென்க் போன்றவை இந்த வேலைக்கென்றே அமைந்த சுற்றுகள். பல மடங்கு வேகம். அதே தரத்துக்கு ஃபைல் கொஞ்சம் பெரிது. வீட்டு வீடியோவுக்கு அது தாராளமாகப் போதும் என்பேன்.

பழைய டேப்பிலிருந்து எடுத்த காட்சிக்குப் புள்ளி இரைச்சல் நீக்கும் ஃபில்டர் போட்டிருந்து, வேகம் வரவில்லை என்றால் முதலில் அந்த ஃபில்டரைப் பாருங்கள். ஃபில்டர் மெதுவாக இருந்தால் சுருக்கும் வேலையைச் செய்யும் என்கோடர் சும்மா காத்துக் கிடக்கும்.

சரி, பந்திக் காட்சியை மட்டும் வெட்டியெடுத்தால் போதுமா? அதற்குத் திரும்பச் சுருக்கவே தேவையில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் அந்தப் பகுதியை அப்படியே நகலெடுக்கும் வழி உண்டு. சீக்கிரமே முடிந்துவிடும், தரம் இம்மியும் குறையாது. முழுப் படமாகச் சேமித்த கீ ஃபிரேமிலிருந்துதான் வெட்டு தொடங்கும் என்பதால், ஆரம்பம் சில நொடி முன்னே பின்னே போகலாம்.