டேங்க் காலியாகும் வரை காத்திருக்காதீர்கள்

இந்த வருடமும் அதே கணக்குதான். விமானத் திட்டமிடல் வகுப்பில் நீண்ட தூரப் பறப்பு என்று தலைப்புக் கொடுத்தால் போதும், எரிபொருள் தீரப்போகும் இடத்தில் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுகிறார்கள். அங்கே டேங்கர், அதாவது பறந்தபடியே குழாய் வழியாக எரிபொருள் ஊட்டும் விமானம், வந்து நிற்குமாம், நிரப்பிக்கொண்டு போய்விடலாமாம். நடுக்கடலுக்கு மேலே பெட்ரோல் பங்க்!

சரி, அங்கே குழாய் சேரவில்லை என்றால்? காற்று தூக்கிப் போடுகிறது, புரோப் (டேங்கரின் குழாயில் செருக வாங்கும் விமானம் நீட்டும் தண்டு) உடைகிறது, டேங்கரே வரவில்லை. கையில் மிச்சம் பத்து நிமிட எரிபொருள், கீழே கடல். அதனால்தான் பாதி டேங்க் இருக்கும்போதே நிரப்பச் சொல்கிறோம். "தேவைக்கு முன்னாடியே எதற்கு சார்?" என்று கேட்காத வகுப்பே இல்லை. இணைப்பு தோற்றாலும் ஏதாவது ஓர் ஓடுதளத்தை எட்டும் அளவுக்கு டேங்கில் இருக்க வேண்டும், அதற்குத்தான். மாற்று ஓடுதளம் எட்டாத தூரம் போன பிறகு குழாயைத் தேடுவது திட்டமிடலே இல்லை.

1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டிஷ் விமானப்படை செய்ததைப் பாருங்கள். அட்லாண்டிக் நடுவே இருக்கும் அசென்ஷன் தீவிலிருந்து ஃபாக்லாந்தின் தலைநகர் போர்ட் ஸ்டான்லி சுமார் 6,300 கிலோமீட்டர். ஒரே ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானம் அங்கே போய்ச் சேர, 11 விக்டர் டேங்கர்கள் கிளம்பின. டேங்கருக்கும் பசிக்குமே; ஒரு டேங்கர் இன்னொன்றுக்கு ஊட்டிவிட்டுத் திரும்பியது. வல்கன் வழக்கமான எடைக்கு மேல் சுமந்துகொண்டு, விக்டர்களுக்கு ஒத்துவரும் உயரத்திலும் வேகத்திலும் பறக்க வேண்டியிருந்ததால், கணக்குப் போட்டதைவிட அதிகம் குடித்தது. தெற்கே புயல் மேகத்துக்குள் ஒரு விக்டரின் புரோப் உடைந்தது. அதனால் வாங்க வேண்டிய அந்த விமானம் கொடுத்துவிட்டுத் திரும்ப, கொடுக்க வந்த விக்டர் வல்கனோடு தெற்கே தொடர்ந்தது. கடைசியில் வல்கனுக்குக் கிடைத்ததும் குறைவு, ஊட்டிய விக்டருக்கு வீடு திரும்பவும் போதவில்லை. ரேடியோ மௌனம் வேறு. வல்கன் குண்டு போட்ட செய்தி வந்த பிறகே அந்த விக்டர்காரர்கள் உதவி கேட்டார்கள். இன்னொரு டேங்கர் எதிரே வந்து காப்பாற்றியது. அன்று அசென்ஷனிலிருந்து 1,000 கிலோமீட்டருக்குள் வேறு ஓடுதளமே கிடையாது. போர் என்பதால் அந்த அபாயத்தை ஏற்றார்கள். உங்கள் ப்ராஜெக்டில் என்ன போர்?

இனி எனக்குக் கொடுக்கும் தாளில் டேங்கர் வீடு திரும்பும் பாதையும் இருக்கட்டும். புள்ளி வைக்காதீர்கள், கோடு போடுங்கள்: மணிக்கு 750 கிலோமீட்டர் வேகத்தில் 20 நிமிடம் டேங்கரோடு ஒட்டிப் பறந்தால் அதற்குள் 250 கிலோமீட்டர் ஓடிவிடும். எரிபொருளை கிலோவில் எழுதுங்கள். லிட்டர் வெப்பத்துக்குத் தக்கபடி மாறும், எஞ்சினுக்கு எடைதான் கணக்கு. அப்புறம், ஒவ்வொரு கோட்டின் முடிவிலும், எதுவும் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொண்டு, எங்கே இறங்குவீர்கள் என்று தயவுசெய்து ஓர் ஊர்ப் பெயராவது எழுதுங்கள்.