எரியாத குடலுக்கு எரிச்சல் என்று பெயர்

'இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்' என்ற குடல் நோயை ஐபிஎஸ் (IBS) என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு மருத்துவர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார். தமிழில் இதற்கு என்ன பெயர் என்று தேடினால் 'எரிச்சல் குடல் நோய்' என்று கிடைக்கும். படித்தவுடன் என்ன தோன்றும்? வயிற்றுக்குள் ஏதோ எரிகிறது, புண் இருக்கிறது, அமிலம் கூடிவிட்டது. மூன்றுமே இந்த நோயின் அடையாளம் இல்லை. உள்நோக்கியை விட்டுப் பார்த்தால் குடலின் உள்சுவர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். "ஒன்றுமில்லை" என்று அறிக்கை வரும். வலி மட்டும் போகாது.

குழப்பம் 'இரிட்டபிள்' என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறது. சீண்டுதல், தூண்டிவிடுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. 1752இல் அல்பிரெக்ட் ஃபான் ஹாலர் என்ற உடலியல் அறிஞர், தசையைத் தொட்டால் சுருங்கும் தன்மைக்கு இரிட்டபிலிட்டி என்றும், நரம்பு தொடுதலை உணரும் தன்மைக்கு சென்சிபிலிட்டி என்றும் பெயர் பிரித்தார். நெருப்புக்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தமே இல்லை. ஆங்கிலப் பேச்சுவழக்கில் அது சிடுசிடுப்பையும் குறிக்கும். நம்மவர்கள் அந்த வழக்கைப் பிடித்துக்கொண்டு 'எரிச்சல்' என்று மாற்றிவிட்டார்கள். தமிழில் எரிச்சல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது தீ. போதாததற்கு 'வயிற்றெரிச்சல்' என்றால் பொறாமை வேறு!

பெயர் தவறுவது இந்த நோய்க்குப் புதிதில்லை. முன்பு இதை 'மியூக்கஸ் கொலைட்டிஸ்' என்றார்கள். கொலைட்டிஸ் என்றால் பெருங்குடல் அழற்சி. அப்படி ஓர் அழற்சி இல்லை என்று தெரிந்ததும் அந்தப் பெயர் மறைந்தது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? என் வாக்கு 'கூச்சம்' என்ற சொல்லுக்கு. பல் கூசுகிறது என்கிறோம், வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்கிறோம். ஒருவருக்குச் சாதாரணமாக இருக்கும் குளிர்ந்த நீர் இன்னொருவர் பல்லில் சுரீரென்று ஏறுகிறது. நீர் ஒன்றுதான், உணர்வு வேறு. குடலிலும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மலக்குடலுக்குள் சிறு பலூனை வைத்து, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். மற்றவர்கள் "லேசாக நிறைந்தாற்போல் இருக்கிறது" என்று சொல்லும் அளவிலேயே இந்நோயாளிகளில் பலர் "வலிக்கிறது, நிறுத்துங்கள்" என்பார்கள். குடல்கூச்சம் என்றால் இது அப்படியே விளங்கிவிடும். எல்லா நோயாளிகளுக்கும் இந்தக் கூச்சம் இருப்பதில்லை, வயிற்றுப்போக்கும் மலச்சிக்கலும் இந்தச் சொல்லுக்குள் அடங்குவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத்தான் 'குடல்கூச்ச நோய்த்தொகுப்பு' என்று பின்னால் 'நோய்த்தொகுப்பு' வருகிறது. 'சிண்ட்ரோம்' என்ற கிரேக்கச் சொல்லுக்குச் 'சேர்ந்து ஓடுவது' என்று பொருள். குடல் நோய் வல்லுநர்களின் பன்னாட்டுக் குழு 2016இல் வெளியிட்ட ரோம் 4 வரையறையும் இப்படிச் சேர்ந்து வருவதைத்தான் பார்க்கிறது: கடந்த 3 மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி; கூடவே மலம் கழிப்பதோடு வலிக்குள்ள தொடர்பு, கழிக்கும் தடவையில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்கவேண்டும். தொல்லை தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்கவேண்டும்.

இந்நோயைப் பற்றிப் பேசும்போது வரும் அடுத்த சொல் 'மூளை-குடல் அச்சு'. மூளையும் குடலும் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொள்ளும் தொடர்புக்கு அந்தப் பெயர். இதை நான் குறைசொல்லமாட்டேன். வண்டியில் இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் கோத்திருக்கும். ஒன்று பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் ஆடும். பயத்தில் அடிவயிறு கலங்குகிறது என்று சொல்லும் நமக்கு இது புதுச் செய்தியும் இல்லை. ஆனால் மூளை உத்தரவு போடுகிறது, குடல் கேட்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. குடல்சுவரில் மட்டும் 10 கோடிக்கு மேல் நரம்பணுக்கள் இருக்கின்றன. மூளையிலிருந்து வயிறுவரை இறங்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் கீழிருந்து மேலே சேதி கொண்டுபோகின்றன. மனநிலையோடு சேர்த்தே பேசப்படும் செரட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் இருக்கிறது. ஆகவே "எல்லாம் உன் மனப்பிரமை" என்று நோயாளியிடம் சொல்பவர் ஒற்றைச் சக்கரத்தைத்தான் பார்க்கிறார். இந்த வகை நோய்களைக் 'குடல்-மூளை இடைவினைக் கோளாறுகள்' என்று ரோம் 4 பெயர் மாற்றியது இதனால்தான்.

கடைசியாக 'பயோமார்க்கர்'. உடலில் நடப்பதை அளந்து காட்டும் அடையாளம் அது. மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி போல. தமிழில் மூன்று நான்கு வடிவங்கள் உலவுகின்றன. 'உயிர்க்குறி' என்றால் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் போன்றவற்றோடு குழம்பும். 'உயிரிக்குறிப்பான்' என்றால் சுற்றுச்சூழலைக் காட்டிக்கொடுக்கும் பாசி, பூச்சி என்று எண்ண வைக்கும். 'குறியீடு' என்பது எழுத்து, எண்களுக்கு உரியது. குறித்துக் காட்டுவது குறிப்பான். எனவே 'உயிர்க்குறிப்பான்' பொருத்தம்.

குடல்கூச்சத்துக்கு அப்படி ஒரு குறிப்பான் உண்டா? "ஆம், இதுதான் நோய்" என்று எல்லோருக்கும் சொல்லக்கூடியது இன்னும் இல்லை. இப்போது அதிகம் பயன்படுவது "வேறு நோய் இல்லை" என்று சொல்லும் குறிப்பான்தான். கால்புரோடெக்டின் என்பது வெள்ளணுக்களில் உள்ள ஒரு புரதம். குடலில் அழற்சி இருந்தால் அது மலத்தில் கூடும். ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருந்தால், கிரோன் நோய் போன்ற அழற்சி நோய்க்கு வாய்ப்புக் குறைவு. "நார்மல்" என்று வந்த அந்தத் தாளைப் பார்த்து "அப்படியானால் எனக்கு ஒன்றுமே இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தாள் அழற்சியைப் பற்றி மட்டும் பேசுகிறது, வலியைப் பற்றி அல்ல. நேரே சுட்டிக்காட்ட முயலும் குறிப்பான்களும் வந்திருக்கின்றன. உணவு நஞ்சாகி வயிற்றுப்போக்கு வந்துபோன பிறகு சிலருக்கு இந்நோய் ஒட்டிக்கொள்கிறது. அந்த வயிற்றுப்போக்கை உண்டாக்கிய கிருமிகளின் நச்சுப்புரதத்துக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள், உடலின் சொந்தப் புரதமான வின்குலினையும் தாக்குகிறது என்ற கருத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை உருவானது. வயிற்றுப்போக்கு மிகுந்த வகைக்குத்தான் அது. எதிர்ப்பொருள் கூடுதலாக இருந்தால் நோய்க்குச் சாதகமான சான்று. இல்லாவிட்டால் நோய் இல்லை என்று ஆகாது.