நிலைபேறான மென்பொருளா, சுற்றாடல்நேய மென்பொருளா?

கல்லடியில் பக்கத்து வீட்டுத் தம்பி, கம்பஸில் கடைசி வருடம், மட்டக்களப்பு வாவியின் உப்புத்தன்மையைக் கணிக்க ஒரு நிரல் எழுதிக்கொண்டிருக்கிறார். அறிக்கைக்கு "நிலைபேறான ஆய்வு மென்பொருள்" என்று தலைப்புப் போட்டுவிட்டு, "அண்ணன், சஸ்டைனபிள் எண்டா இதுதானே?" என்று கேட்டார். ஓம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்.

சஸ்டைனபிள் என்ற சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது: சுஸ்டினேரே, கீழிருந்து தாங்கிப் பிடித்தல், நம்ம பந்தல் முண்டுக்கால் செய்கிற வேலை. 1713இல் சாக்சனிச் சுரங்க அதிகாரி கார்லோவிட்ஸ், உலைகளுக்கு விறகு தீர்ந்துகொண்டே போவதைப் பார்த்து, வளர்கிற அளவுக்குத்தான் வெட்ட வேண்டும் என்று ஜெர்மன் மொழியில் எழுதினார். அந்தக் கருத்து 1987இல் ஐ.நா. ஆணைக்குழு வெளியிட்ட புருண்ட்லாண்ட் அறிக்கைக்குப் பிறகு உலகமெல்லாம் பரவி, நம்ம பாடப்புத்தகத்தில் 'நிலைபேறான அபிவிருத்தி' ஆனது. 'பேண்தகு' என்றும் எழுதுவார்கள். நல்ல சொல்தான், ஆனால் எனக்குப் பேணி என்றதும் பால்பேணிதான் கண்முன் வருகிறது.

ஆய்வு மென்பொருள் எழுதுகிறவர்களிடம் இந்தச் சொல்லுக்கு முதலில் சூழலோடு சம்பந்தமே இல்லை. எழுதிய மாணவர் போன பிறகும் நிரல் ஓடுமா, யாராவது பராமரிப்பார்களா என்பதுதான் கேள்வி. 2010இல் பிரித்தானியாவில் தொடங்கிய மென்பொருள் நிலைபேற்று நிறுவனத்தின் பெயரும் அந்தப் பொருளில் வந்ததுதான். நிலை, பேறு என்று பிரித்துப் பாருங்கள்: நிலைத்திருத்தலைப் பெறுதல். ஆகவே இதற்கு 'நிலைபேறு' கச்சிதம். மின்சாரச் செலவையும் காபன் வெளியேற்றத்தையும் குறைக்கிற மென்பொருளைச் சொல்ல வந்தால் 'சுற்றாடல்நேய ஆய்வு மென்பொருள்' என்றே எழுதுங்கள். இருபது வருடம் நின்று ஓடுகிற நிரல் இருபது வருடமும் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கலாம் இல்லையா?

தம்பியின் நிரல் ஒவ்வொரு சுற்றிலும் அதே தரவுக் கோப்பைத் திரும்பத் திரும்பத் திறந்தது, மடிக்கணினி விசிறி ஆலை மாதிரி இரைந்தது, முடிய நாலு மணிநேரம். கோப்பை ஒரே தடவை வாசிக்க வைத்ததும் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. காபன் கணக்கை கிரீன் அல்காரிதம்ஸ் என்ற இலவசக் கணிப்பானில் பார்க்கலாம். ஓடிய நேரம், நினைவகம் எல்லாவற்றோடு எந்த நாடு என்றும் கேட்கும், ஏனென்றால் நிலக்கரி மின்சாரமும் நீர்மின்சாரமும் ஒன்றில்லை.

சரி, இந்த உழைப்பை யார் கண்டுகொள்கிறார்கள்? 'அங்கீகாரம்' என்றால் நமக்கு ரப்பர் முத்திரைதான் ஞாபகம், எனக்கு 'மதிப்பளித்தல்' பிடிக்கும். ஒகுலர் என்ற பிடிஎஃப் வாசிப்பு மென்பொருளுக்கு 2022இல் ஜெர்மனியின் 'நீலத் தேவதை' சூழல் முத்திரை கிடைத்தது. மேலே சொன்ன பிரித்தானிய நிறுவனமே இப்போது கிரீன் டிஸ்க் என்று, கணினி வேலையின் சூழல் பாதிப்பைக் குறைக்கிற ஆய்வுக் குழுக்களுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று சான்றிதழ் தருகிறது.

தம்பி தலைப்பை 'சுற்றாடல்நேய ஆய்வு மென்பொருள்' என்று மாற்றிவிட்டார். "அப்ப அந்த மிச்சம் பிடிச்ச நேரத்தை எங்க எழுதுற, அண்ணன்?"

"முறையியல்ல எழுதுங்க, நன்றியுரையில இல்ல."