கைப்பேசிக்குள் வானொலி எங்கே இருக்கிறது?

கைப்பேசிப் பழுதுநீக்கம் பற்றிய தமிழ்க் குறிப்புகளில் ‘ஆர்.எஃப். சர்க்யூட்’ (ரேடியோ ஃப்ரீக்வென்சி சர்க்யூட், அதாவது கோபுரத்தோடு அலைகளை அனுப்பிப் பெறும் பகுதி) என்பதை ‘வானொலி அதிர்வெண் சுற்று’ என்று எழுதும் வழக்கம் வேரூன்றிவிட்டது. இது பிழையான ஆக்கம் என்பதோடு, பழுது பார்ப்பவரைத் தவறான இடத்துக்கு அனுப்பிவைக்கும் ஆக்கமும் ஆகும்.

‘ரேடியோ’வின் வேர் ‘ரேடியஸ்’ என்னும் இலத்தீன் சொல். சக்கரத்தின் ஆரக்கால், ஒளிக்கதிர் என்பன அதன் பொருள்கள். இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் 1880களின் இறுதியில் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டிய மின்காந்த அலைகளுக்கு அது பெயராகி, பிறகு ஒலிபரப்புக்கும் அதைக் கேட்கும் பெட்டிக்கும் பரவியது. இந்தக் கடைசிப் பொருளுக்கு மட்டுமே நாம் ‘வானொலி’ என்று பெயரிட்டோம். அந்த இடத்தில் அது அழகான சொல்தான்.

ஆனால் அலைக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்? மனிதச் செவி ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஜிஎஸ்எம் 900 என்னும் கைப்பேசி அலைக்கற்றையில், கைப்பேசி கோபுரத்துக்கு அனுப்புவது 890 முதல் 915 மெகாஹெர்ட்ஸ் வரை, கோபுரத்திலிருந்து பெறுவது 935 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை (ஒரு மெகாஹெர்ட்ஸ் பத்து இலட்சம் ஹெர்ட்ஸ்). அங்கே ஒலி என்று எதுவுமில்லை. அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு: பல கைப்பேசிகளில் உண்மையிலேயே ஒரு வானொலி இருக்கிறது. இயர்போன் கம்பியை ஆன்டெனாவாகக் கொண்டு எஃப்.எம். நிலையங்களைப் பெறும் பகுதி அது. ‘வானொலி அதிர்வெண் சுற்றைச் சோதிக்கவும்’ என்று படிக்கும் மாணவர் அங்கே போய் நின்றால் குற்றம் அவருடையதன்று. அவர் பார்க்க வேண்டியது ஆன்டெனா தொடர்பு, ஆன்டெனா சுவிட்ச், வடிகட்டிகள், அனுப்பும் அலையை வலுவாக்கும் பவர் ஆம்ப்ளிஃபயர், அனுப்புதல் பெறுதல் இரண்டையும் கையாளும் டிரான்சீவர் ஐசி ஆகியவற்றை. சிம் நன்றாக இருந்து, நெட்வொர்க்கை நாமே தேடும்போது நிறுவனப் பெயர்கள் பட்டியலில் வந்தும் இணைப்பு மட்டும் கிடைக்காவிட்டால், பெறும் பாதை பெரும்பாலும் பழுதின்றி இருக்கிறது என்று கொண்டு, பவர் ஆம்ப்ளிஃபயரையும் அதற்கு வரும் மின்னழுத்தத்தையும் முதலில் அளக்க வேண்டும். இந்த நுட்பத்தில் வானொலிக்கு என்ன வேலை?

‘கதிர்வீச்சு அதிர்வெண்’ என்பாரும் உளர். வேர்ப்பொருளுக்கு அது நெருக்கம்தான். கதிரியக்கம், கதிரியல் ஆகிய சொற்களில் ‘ரேடியோ’ என்னும் முன்னொட்டு ‘கதிர்’ என்றே தமிழாகியிருக்கிறது. எனினும் கைப்பேசிக் கதிர்வீச்சு என்றதும் உடல்நல அச்சமே முன்னுக்கு வரும் காலத்தில் அச்சொல் வேறு விவாதத்தை இழுத்துவரும். ‘வானலை அதிர்வெண்’ என்பதே என் தேர்வு. சுற்றுப் பலகையின் செப்புத் தடத்தில் ஓடும் குறிப்பலைக்கு வான் எதற்கு என்று கேட்கலாம். அது வானில் ஏறப்போகும் அல்லது வானிலிருந்து இறங்கிய அலை என்பதே விடை. அதுவும் பிடிக்காதவர் ‘ரேடியோ அலை’ என்றே எழுதட்டும். தவறான தமிழைவிடத் தெளிவான கடன்சொல் மேல். ‘அலைவரிசைச் சுற்று’ மட்டும் வேண்டாம், அலைவரிசை என்பது தொலைக்காட்சிச் சேனல்களுக்கு உரியதாகிவிட்டது. ‘அதிர்வெண்’ என்ற சொல்லில் எனக்கு மறுப்பில்லை. இலங்கைப் பாடநூல்களின் ‘மீடிறன்’ என்பதும் நல்ல சொல்லே.

அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் ஒலியை இன்னும் எங்கெல்லாம் நுழைக்கிறார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ஆன்டெனா பெற்ற நலிந்த அலையை வலுவாக்கும் ‘லோ நாய்ஸ் ஆம்ப்ளிஃபயர்’, ‘குறைந்த ஒலி பெருக்கி’ ஆகியிருக்கிறது. இதைப் படிப்பவர் ஸ்பீக்கரைக் கழற்றாமல் என்ன செய்வார்? உண்மையில் இந்த ஆம்ப்ளிஃபயர் தன் பங்குக்கு மிகக் குறைவான மின் இரைச்சலையே, அதாவது வேண்டாத மின் சலனத்தையே, சேர்க்கும் பெருக்கி. ‘குறையிரைச்சல் பெருக்கி’ என்றால் போதும்.