சொல் விளக்கம்: கன உலோகமா, நச்சு உலோகமா?

மண்ணில் வாழும் பூச்சிகள் ஏன் குறைகின்றன என்று படிக்கப் போனால், ‘ஹெவி மெட்டல்’ என்ற சொல் எப்படியும் வந்துவிடும். காரீயம், காட்மியம், பாதரசம், நிக்கல், செம்பு, துத்தநாகம் என ஒரு கூட்டமே அதற்குள் அடக்கம். தமிழில் இதைப் பெரும்பாலும் ‘கன உலோகம்’ என்கிறோம். ‘பார உலோகம்’, ‘கடின உலோகம்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். இதில் ‘கடின உலோகம்’ தவறு என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். கடினம் என்றால் இறுக்கம். காரீயத்தையோ நகத்தால் கீறிவிடலாம். பாதரசம் சாதாரண வெப்பநிலையிலேயே திரவமாக ஓடுகிறது.

மூலச் சொல் எடையைத்தான் பேசுகிறது. ஜெர்மன் வேதியியலாளர் லியோபோல்ட் க்மெலின் 1817-இல் தனிமங்களை அலோகங்கள், இலேசான உலோகங்கள், கனமான உலோகங்கள் என மூன்றாகப் பிரித்தார். அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 5 கிராம் வரை இருந்தால் இலேசு, அதைத் தாண்டினால் கனம். நஞ்சு என்ற பேச்சே அதில் இல்லை. அலமாரியில் பொருள்களை அடுக்குவதற்கான வசதி போன்றதுதான் அந்தப் பிரிவு. பின்னாளில் சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் அதே சொல்லை எடுத்து, நஞ்சு என்ற பொருளை அதன்மேல் ஏற்றினார்கள். அடர்த்தியின் எல்லைக்கோடும் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒருவர் 4 என்றார், இன்னொருவர் 5 என்றார், வேறொருவர் 7 என்றார். கடைசியில் 2002-இல், தூய மற்றும் பயன்பாட்டு வேதியியலின் பன்னாட்டு ஒன்றியத்துக்காக எழுதிய அறிக்கையில் ஜான் டஃபஸ், இது பொருளே இல்லாத சொல்லா என்று தலைப்பிலேயே கேட்டுவிட்டார்.

கேட்டதில் நியாயம் இருக்கிறது. தங்கத்தின் அடர்த்தி 19.3, உலோகமாக உடலுக்குள் போனாலும் அது பெரிதாக ஒன்றும் செய்யாது. பெரிலியத்தின் அடர்த்தி வெறும் 1.85, அதன் தூசியோ நுரையீரலைக் கெடுக்கும் கொடிய நஞ்சு. அலுமினியம் 2.7 தான், அமில மண்ணில் கரைந்தால் வேர்களைக் கருக்கிவிடும்.

தமிழில் ‘கன’ என்ற முன்னொட்டு இன்னும் கொஞ்சம் குழப்புகிறது. எடை, தடிப்பு என்ற பொருளில் ‘கனம்’ நம் அன்றாடச் சொல். அளவியலில் அதே ‘கன’ மூன்று பரிமாணத்தைக் குறிக்கிறது: கன அடி, கன மீட்டர், கன சதுரம். சந்தி சேர்த்து எழுதினால் ‘கனவுலோகம்’ என்று வரும். படிப்பவர் அதைக் கனவு லோகம் என்றுதான் பிரிப்பார். அதனால்தான் எல்லோரும் இலக்கணத்தை விட்டுவிட்டு இடம் விட்டு எழுதுகிறோம்.

சரி, இந்தச் சொல்லால் பூச்சிக்கு என்ன? நிறையவே இருக்கிறது. மண்ணுக்குள் ஓர் உலோகம் எவ்வளவு கனமானது என்பது எந்தப் பூச்சிக்கும் பொருட்டில்லை. எந்த வடிவில், எவ்வளவு, எந்த வழியாக உள்ளே போகிறது என்பதுதான் பொருட்டு. ஒரே அளவு காரீயம் கலந்த இரண்டு மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மட்கு நிறைந்த, அமிலமில்லாத மண்ணில் காரீயம் துகள்களோடு இறுகப் பிடித்துக்கொண்டு கிடக்கும். அமில மணலில் அதே காரீயம் கரைந்து, மண்ணீரிலும் பூஞ்சையிலும் மக்கும் இலையிலும் ஏறிவிடும். அந்த இலையைத் தின்னும் பூச்சி, பூச்சியைத் தின்னும் வண்டு என்று அது கைமாறிப் போகும். பூச்சிக்கொல்லியாவது ஒருநாள் சிதைந்து போகும். உலோகம் ஒரு தனிமம். சிதைவதற்கு அதில் எதுவும் இல்லை.

உடலுக்குள் நடப்பதைப் பார்க்க ஸ்பிரிங்டெயில் என்ற சிற்றுயிர் நல்ல சாட்சி. ஓரிரு மில்லிமீட்டர் நீளம், ஆறு கால், வயிற்றடியில் மடித்து வைத்த ஒரு துள்ளுவால். இன்றைய வகைப்பாடு இதைப் பூச்சிகளின் நெருங்கிய உறவு என்கிறது. காட்மியம் உடலுக்குள் நுழைவதே கால்சியம் போகும் வாசல் வழியாகத்தான். அந்த வாசலுக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. உள்ளே வந்ததை மெட்டல்லோதயோனின் என்ற புரதம் பிடித்துக் கட்டிப்போடுகிறது. 1957-இல் குதிரையின் சிறுநீரகத்தில் முதலில் கண்டறியப்பட்ட புரத வகை இது. கந்தகம் கொண்ட சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இதில் நிறைய இருப்பதால் உலோகம் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு பங்கு உலோகம், நடுக்குடலின் செல்களில் நுண்ணிய மணிகளாக உறைந்து நிற்கிறது. பிறகுதான் அழகான வேலை: ஸ்பிரிங்டெயில் வளர்ந்த பிறகும் வாழ்நாள் முழுக்கத் தோலுரித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் குடலின் உட்சுவரையும் சேர்த்தே கழற்றி, தேங்கிய உலோகத்தில் ஒரு பகுதியை வெளியே தள்ளிவிடுகிறது. உலோக மாசு நெடுங்காலமாக உள்ள இடங்களில் வாழும் ஆர்கெசெல்லா சிங்க்டா என்ற இனம், மெட்டல்லோதயோனினை வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கும்படி பரிணமித்தே விட்டது. மண்ணின் நச்சுத்தன்மையைச் சோதிக்க இதன் இன்னொரு உறவான போல்சோமியா கேண்டிடாவை 28 நாள் மண்ணில் விட்டு, எத்தனை குஞ்சுகள் பிறக்கின்றன என்று எண்ணுவது பன்னாட்டுத் தர முறை.

ஆனால் தற்காப்புக்கு விலை உண்டு. போலந்தின் ஓல்குஷ் பகுதியில் துத்தநாகமும் காரீயமும் உருக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள காடுகளில், தரையில் ஓடி இரை பிடிக்கும் ஒரு வண்டினத்தை வெவ்வேறு தொலைவுகளில் பிடித்து ஆராய்ந்தார்கள். மாசு மிகுந்த இடத்து வண்டுகள் உயிரோடுதான் இருந்தன. பட்டினி போட்டபோதும் பூச்சிக்கொல்லி கொடுத்தபோதும்தான் வித்தியாசம் தெரிந்தது: தூய இடத்து வண்டுகளைவிட அவை சீக்கிரம் செத்தன. நஞ்சைச் சமாளிப்பதிலேயே சக்தி கரைந்துவிட்டால், அடுத்த அடியைத் தாங்க எங்கே போவது? ‘பூச்சி இருக்கிறதே, பிறகென்ன’ என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த வண்டுகள்தான் நினைவுக்கு வருகின்றன.

இங்கிலாந்தின் ஏவன்மத் உருக்காலை அருகிலுள்ள காட்டில் வேறொன்று நடந்தது. இலையை அரைத்து மக்கச் செய்யும் மண்புழுக்களும் மரவட்டைகளும் அங்கே குறைந்துபோயின. உதிர்ந்த இலை மக்காமல் தரையில் தடித்த மெத்தையாகக் குவிந்தது. ஓல்குஷ், ஏவன்மத் இரண்டு இடத்திலும் ஆலையை நெருங்க நெருங்கக் காட்டுத் தேனீக்களும் குறைகின்றன என்று 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இத்தனையையும் சொல்ல ‘நச்சு உலோகம்’ என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. அமைப்பும் தமிழுக்கு இயல்பானது. இரும்பு இருப்புப்பாதை ஆவதைப் போல, மருந்து மருத்துப்பை ஆவதைப் போல, நஞ்சு இன்னொரு சொல்லோடு சேரும்போது நச்சு ஆகிறது. ‘உலோகம்’ வடமொழி ‘லோஹ’த்திலிருந்து வந்தது. தனித்தமிழில் எழுதுவோர் ‘மாழை’ என்பார்கள். ஐம்பொன் என்ற சொல்லில் பொன்னுக்கும் பொதுவாக உலோகம் என்றுதான் பொருள். ஆனாலும் பொதுக் கட்டுரையில் உலோகத்தை மாற்ற வேண்டியதில்லை. அது நன்றாக ஊறிவிட்ட சொல்.

ஓர் எச்சரிக்கை உண்டு. துத்தநாகத்தையும் செம்பையும் பிறவி நஞ்சு போல எழுதக் கூடாது. இரண்டும் உயிருக்குத் தேவையானவை. இலைவெட்டி எறும்பின் தாடை விளிம்பு அவ்வளவு உறுதியாக இருப்பதற்குக் காரணமே அதில் ஏறியுள்ள துத்தநாகம்தான். அளவு மிஞ்சும்போதுதான் அது நச்சு. எனவே ‘துத்தநாகம் ஒரு நச்சு உலோகம்’ என்று எழுதாமல், ‘மண்ணில் துத்தநாகம் நச்சு அளவை எட்டியது’ என்று எழுதுவது சரி. காட்மியம், காரீயம், பாதரசம் மூன்றுக்கும் இந்தச் சலுகை தேவையில்லை. பூச்சியின் உடலில் அவற்றுக்கு வேலை எதுவும் இல்லை.

அப்புறம் ஆர்சனிக். பாடாணம் என்ற பழைய பெயரில் நமக்குத் தெரிந்த நஞ்சுகளில் பல இதன் சேர்மங்கள்தான். இது முழு உலோகம் அல்ல, உலோகப்போலி. பட்டியலில் இதுவும் இருந்தால் ‘நச்சுத் தனிமங்கள்’ என்று எழுதிவிடுங்கள். எல்லாம் அதில் அடங்கும். ‘கன உலோகம்’ என்பதைப் பழைய ஆய்வுகளையும் சட்ட வாசகங்களையும் மேற்கோள் காட்டும் இடத்தில் மட்டும், இடம் விட்டு, அப்படியே வைத்துக்கொள்ளலாம்.